கரியமில வாயுக் குழாய்: மண்ணின் சூட்டையும் கலவையையும் கேட்டீர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆலைப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்துப் பூமிக்கடியில் சேமிக்கும் திட்டங்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் பிரித்தெடுத்த வாயுவைத் திரவமாக்கித் தண்ணீரைப்போலக் குழாயில் அனுப்பிவிடலாம் என்று நடுவில் ஒரு வரி, போகிற போக்கில். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். முழுதாக அச்சிட இடமில்லை என்றால் சுருக்கிக்கொள்ளுங்கள், எண்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

எண்ணெய், எரிவாயுக் குழாய்களில் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. சென்னையிலும் வளைகுடாவிலும் வேலை செய்து, இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். குழாய்க்குள் போவது திரவமா, வாயுவா, இரண்டும் கலந்ததா என்பதுதான் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் குழாயின் விட்டத்தைக்கூடத் தீர்மானிக்க முடியாது. தண்ணீருக்கு இந்தக் கேள்வியே எழாது. கார்பன் டை ஆக்சைடுக்குத் தினமும் எழும், அதிலும் நம் ஊரில் மணிக்கு மணி எழும்.

உங்கள் அலுவலகத்திலேயே இதைப் பார்க்கலாம். கணினிகள் இருக்கும் அறைக்கு வெளியே, கறுப்புக் கொம்பு வைத்த சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருப்பார்கள். பவுடர் நிரப்பிய சிலிண்டரில் அழுத்தம் காட்டும் சின்ன மீட்டர் உண்டு, இதில் இருக்காது. ஆண்டுக்கொரு முறை வருகிற ஆள் இதைத் தராசில் எடை போட்டுத்தான் அட்டையில் கையெழுத்துப் போடுவார். ஏனென்றால் உள்ளே திரவமும் வாயுவும் சேர்ந்திருக்கும் வரை அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்தது மட்டுமே. பாதி காலியானாலும் மீட்டர் அதே எண்ணைத்தான் காட்டும். 20 டிகிரியில் அது 57 பார், 30 டிகிரியில் 72 பார். (பார் என்பது அழுத்தத்தின் அலகு, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார்.) மார்கழிக் காலையில் அந்த சிலிண்டரை மெல்ல ஆட்டினால் உள்ளே திரவம் அலம்புவது கையில் தெரியும். அதையே சித்திரை மதியத்தில், வெயில் படும் வராந்தாவில் ஆட்டிப் பாருங்கள், ஒன்றும் அலம்பாது. வாயு கசிந்துவிடவில்லை. உள்ளே திரவம், வாயு என்ற பிரிவே இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

இதை முதலில் ஒழுங்காக அளந்து சொன்னவர் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் இருந்த வேதியியலாளர் தாமஸ் ஆண்ட்ரூஸ். மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் கார்பன் டை ஆக்சைடை அடைத்து, அழுத்தியும் சூடாக்கியும் பார்த்தார். ஏறக்குறைய 31 டிகிரியில் திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவே இருந்த கோடு மங்கி மறைந்தது. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் கோடு திரும்பவில்லை. 1869இல் இதை வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில், 1873இல், நெதர்லாந்தின் லைடனில் வான் டெர் வால்ஸ் தன் ஆய்வேட்டில் இதற்கொரு சமன்பாடு தந்தார். இன்று எங்கள் மென்பொருள்களில் ஓடுகிற சமன்பாடுகள் பெரும்பாலும் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். கோடு மறைகிற அந்த இடத்தை நிலைமாறு புள்ளி என்போம், அதன் இன்றைய மதிப்பு 31 டிகிரி, 73.8 பார்.

31 டிகிரி! பெல்ஃபாஸ்டில் அதை எட்ட அடுப்பு வேண்டும். நமக்கு மின்விசிறியை நிறுத்தினால் போதும்.

இப்போது குழாய்க்கு வருகிறேன். பொறியாளர்கள் ‘ஃப்ளாஷ்’ என்று சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. இன்ன கலவை, இன்ன அழுத்தம், இன்ன வெப்பம் என்று கொடுத்தால், அதில் எத்தனை பங்கு ஆவி, எத்தனை பங்கு திரவம், ஒவ்வொன்றிலும் எந்தப் பொருள் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். கலவையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும், திரவத்தை விட்டு ஓடத் துடிக்கும் வேகமும் ஆவியை விட்டு ஓடத் துடிக்கும் வேகமும் சமமாகிற இடத்தைத் தேடிப் பிடிப்பதுதான் கணக்கின் சாரம். 1952இல் ராக்ஃபோர்டும் ரைஸும் எழுதிய வாய்பாட்டை இன்றும் பயன்படுத்துகிறோம். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. இந்தக் கலவை இரண்டாகப் பிரியுமா, ஒன்றாகவே இருக்குமா? அதை நம்பகமாகச் சோதிக்கும் வழியை டென்மார்க்கின் மிக்கேல்சன் 1982இல் தந்தார். அதைத் தவிர்த்துவிட்டுக் கணக்குப் போட்டால், இல்லாத ஆவியை இருப்பதாகவும் இருக்கிற ஆவியை இல்லையென்றும் மென்பொருள் சாதிக்கும். முகத்தில் எந்தக் கூச்சமும் தெரியாது!

ஒரு தடவை போட்டு முடிக்கிற கணக்கும் இல்லை இது. 100 கிலோமீட்டர் குழாயை 100 மீட்டர் துண்டுகளாக வெட்டினால் ஆயிரம் துண்டு. குழாயை நிறுத்தும்போதும் காலி செய்யும்போதும் நடப்பதைப் பார்க்க, நொடியில் பத்தில் ஒரு பங்காக நேரத்தை நகர்த்தினால் ஒரு மணிக்கு 36,000 படிகள். ஆக ஒரு மணி நேர ஓட்டத்துக்கு 3.6 கோடி ஃப்ளாஷ். இதற்குப் பயந்து பலரும் முன்கூட்டியே ஒரு அட்டவணை போட்டு வைத்துக்கொள்வார்கள். அழுத்தம் ஒரு பக்கம், வெப்பம் மறு பக்கம், நடுவே அடர்த்தியும் ஆவிப் பங்கும். இயற்கை எரிவாயுவுக்கு இது ஓரளவு சரிப்பட்டு வரும்.

தூய கார்பன் டை ஆக்சைடில் இந்த அட்டவணை காலை வாரிவிடும். தூய பொருள் கொதிக்கும்போது அழுத்தமும் வெப்பமும் நகராமல் நிற்கின்றன, ஆவிப் பங்கு மட்டும் பூஜ்யத்திலிருந்து நூறு சதவீதம் வரை போகிறது. 30 டிகிரி, 72 பார் என்று சொன்னால் அது முழுத் திரவமாக இருக்கலாம், முழு வாயுவாக இருக்கலாம், நடுவில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அட்டவணையில் அந்த இடம் ஒரு கோடு, இந்தப் பக்கம் திரவம், அந்தப் பக்கம் வாயு. கணினி அந்தக் கோட்டின் மேல் இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கும், கடைசியில் ஓட்டம் நின்றுபோகும். இதற்கு வெப்பத்தைக் கொடுத்துக் கேட்பதை விட்டு, ஆற்றலைக் கொடுத்துக் கேட்க வேண்டும். அழுத்தமும் என்தால்பியும் (பொருளில் அடங்கிய ஆற்றலின் ஓர் அளவு), அல்லது அடர்த்தியும் உள்ளாற்றலும் கொடுத்து நிலையைக் கண்டுபிடிக்கிற ஃப்ளாஷ் வேண்டும். கணக்கு கடினம், நேரமும் பிடிக்கும், ஆனால் வேறு வழியில்லை.

ஆலையிலிருந்து வருவது தூயதாகவும் இருக்காது. சிமென்ட் ஆலையோ அனல் மின்நிலையமோ, நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான், ஈரம் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டுதான் வரும். சுத்திகரிப்பு ஆலையின் ஹைட்ரஜன் பிரிவாக இருந்தால் ஹைட்ரஜனும் வரும். நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதானே என்று தள்ளிவிட முடியாது. கொதிப்புக் கோடு அகன்று ஒரு பட்டையாகிறது, முதல் குமிழி தோன்றும் அழுத்தம் கணிசமாக ஏறுகிறது. தூய பொருளாக இருந்தால் திரவமாக நீடித்திருக்கும் அழுத்தத்தில், கலவை இரண்டாகப் பிரிந்துவிடும்.

அப்புறம் மண். கட்டுரையாளர் நார்வேயையும் அமெரிக்காவையும் முன்மாதிரியாகக் காட்டியிருந்தார். நார்வே 1996 முதல் வடகடலில் உள்ள ஸ்லைப்னர் எரிவாயு வயலில் கார்பன் டை ஆக்சைடைக் கடலடிப் பாறைக்குள் செலுத்தி வருகிறது, உண்மைதான். டெக்சாஸில் 1972 முதலே இதற்கென்று நெடுந்தூரக் குழாய் ஓடுகிறது, அதுவும் உண்மை. ஆனால் வடகடலின் அடித்தளத்தில் ஐந்தாறு டிகிரிதான் இருக்கும். அங்கே கொதிநிலை அழுத்தம் 40 பார் அளவில் இருக்க, குழாய் அதைவிட இருமடங்கு, மும்மடங்கு அழுத்தத்தில் நிம்மதியாக ஓடுகிறது. டெக்சாஸில் கோடை கொளுத்தும், ஆனால் குளிர்காலமும் உண்டு, புதைத்த குழாயைச் சுற்றிய மண் ஆண்டு முழுவதும் நம் மண்ணைப்போல் சூடாக இருப்பதில்லை. தமிழ்நாட்டுச் சமவெளியில் ஒரு மீட்டர் ஆழத்தில் தோண்டிப் பார்த்தால் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நிலைமாறு புள்ளியின் வாசற்படியிலேயே குழாயைப் புதைக்கிறோம்.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டே எண்கள். 80 பார் அழுத்தத்தில் 30 டிகிரியில் தூய கார்பன் டை ஆக்சைடின் அடர்த்தி கன மீட்டருக்கு 700 கிலோ. அதே அழுத்தத்தில் 35 டிகிரியில் 420 கிலோ. ஐந்தே டிகிரியில் பத்தில் நான்கு பங்கு காணாமல் போகிறது. அதே எடை போக வேண்டுமானால் வேகம் கூட வேண்டும், வேகம் கூடினால் உராய்வு கூடும், அழுத்தம் இன்னும் இறங்கும், அடர்த்தி இன்னும் குறையும். கசிவைக் கண்டுபிடிக்கும் முறைகளில் ஒன்று, உள்ளே போன எடையையும் வெளியே வந்த எடையையும் குழாய்க்குள் தங்கியிருப்பதையும் கூட்டிக் கழிப்பது. தங்கியிருப்பதன் அடர்த்தியே இப்படி ஆடினால், சிறிய கசிவு அந்த ஆட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அழுத்தத்தை 120 பாருக்கு மேல் வைத்துக்கொண்டால் இந்த ஆட்டம் வெகுவாகக் குறையும். முடியாத காரியம் இல்லை. கம்ப்ரசருக்கும் தடித்த இரும்புக்கும் கூடுதல் பணம் போட வேண்டும், அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

வேலையில் இருந்த காலத்தில் ஆலோசனை நிறுவனம் ஒன்றின் அறிக்கை எங்கள் மேசைக்குச் சரிபார்க்க வந்தது. பெயர் வேண்டாம். வெப்பநாட்டில் போடப்போகும் குழாய் அது. உள்ளீட்டுத் தாளில் மண் வெப்பம் 10 டிகிரி என்றும், கலவை கார்பன் டை ஆக்சைடு 100 சதவீதம் என்றும் போட்டிருந்தது. கேட்டால், முந்தைய ஐரோப்பியத் திட்டத்தின் கோப்பை எடுத்து நீளத்தை மட்டும் மாற்றியதாகச் சொன்னார்கள். வரைபடங்கள் வண்ண வண்ணமாக அழகாக இருந்தன. இருநூறு பக்க அறிக்கையில் அந்த இரண்டு எண்களும் பின்னிணைப்பின் மூலையில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில் கிடந்தன.

குழாய் வெடித்தால் என்ன ஆகும் என்பதும் இதே கணக்கில்தான் தொங்குகிறது. இயற்கை எரிவாயுக் குழாய் கிழிந்தால், கிழிசலின் முனையில் அழுத்தம் மளமளவென்று இறங்கிவிடும், இரும்பைக் கிழிக்கும் விசையும் தளர்ந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு அடர்ந்த நிலையில் இருக்கும்போது கிழிந்தால், அழுத்தம் குமிழி தோன்றும் புள்ளிவரை சரேலென்று விழுந்து, அங்கேயே நிற்கும். கொதிக்கும் திரவம் முட்டுக்கொடுத்து வைத்திருக்கும். அந்த நிற்கும் அழுத்தத்தை இரும்பு தாங்காவிட்டால் கிழிசல் குழாயின் நெடுக ஓடும். குழாயின் தொடக்கச் சூடு கூடக்கூட இந்த நிற்கும் அழுத்தமும் உயர்கிறது. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் இன்னும் உயர்கிறது. நம் மண்ணின் சூடும் நம் ஆலைகளின் கலப்படமும் ஒரே திசையில் தள்ளுகின்றன. எந்தத் தரத்து இரும்பு, எத்தனை தடிமன், கிழிசலை நிறுத்தும் வளையங்கள் எத்தனை மீட்டருக்கு ஒன்று என்பதையெல்லாம் இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

2020 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற சிற்றூர் அருகே 24 அங்குலக் கார்பன் டை ஆக்சைடு குழாய் உடைந்தது. பெருமழையில் சரிவு மண் நகர்ந்து குழாயை இழுத்து, பற்றவைத்த இணைப்பு விட்டுப்போனது. வெளியே வந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, போதாததற்குக் குளிர்ந்தும் இருந்தது. அது மேலே போகாமல் தாழ்வான நிலத்தில் தவழ்ந்து, ஒரு மைல் தள்ளியிருந்த ஊருக்குள் புகுந்தது. ஆக்சிஜன் கிடைக்காமல் வண்டிகளின் இன்ஜின்கள் நின்றுபோயின. ஏறத்தாழ 200 பேரை வெளியேற்றினார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். உயிர்ச்சேதம் இல்லை. குழாயை இயக்கியவர்களின் பரவல் கணக்கு, பாதிக்கப்படக்கூடிய பரப்பைக் குறைத்து மதிப்பிட்டிருந்தது என்று அமெரிக்கக் குழாய்வழிப் பாதுகாப்பு அமைப்பு 2022இல் தன் அறிக்கையில் சொன்னது.

அங்கே பிசகியது ஃப்ளாஷ் கணக்கு என்று நான் சொல்ல வரவில்லை. நில அமைப்பும் காற்றில்லாத இரவும்தான் அங்கே முக்கியக் காரணங்கள். ஆனால் எந்தப் பரவல் கணக்குக்கும் முதல் உள்ளீடு, ஓட்டை வழியாக நொடிக்கு எத்தனை கிலோ, எந்த நிலையில் வெளியே வருகிறது என்பதுதான். 5.2 பாருக்குக் கீழே கார்பன் டை ஆக்சைடுக்குத் திரவ நிலையே கிடையாது. குழாயில் திரவமாக இருந்தது வெளிக்காற்றைத் தொடும்போது ஒரு பங்கு வாயுவாகவும் ஒரு பங்கு மைனஸ் 78 டிகிரிப் பனிக்கட்டியாகவும் மாறிவிடுகிறது. மண் குளிர்ந்த ஊரில் பனிக்கட்டியின் பங்கு கூடுதல், சூடான ஊரில் வாயுவின் பங்கு கூடுதல். நார்வேயின் எண்ணை இங்கே போட்டால், உடனே பரவும் வாயுவைக் குறைத்துக் காட்டியதாக ஆகும்.

இந்தப் பனிக்கட்டி விஷயத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எண்ணெய்த் தொழிலில் எல்லோரும் நம்பும் பெங்–ராபின்சன் சமன்பாடு 1976இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. எளிமையானது, வேகமானது, எனக்குச் சோறு போட்டது. ஆனால் திடப்பொருள் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. மைனஸ் 70 டிகிரியிலும் திரவம் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருக்கும். திடநிலைக்குத் தனியாகக் கணக்குச் சேர்க்க வேண்டும். நிலைமாறு புள்ளியை ஒட்டிய அடர்த்தியிலும் அது சறுக்கும். தூய கார்பன் டை ஆக்சைடுக்கு ஸ்பானும் வாக்னரும் 1996இல் வெளியிட்ட சமன்பாட்டைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம். அது கனமானது, கணினியை மெதுவாக்கும். 3.6 கோடி முறை ஓட்ட யாருக்கும் மனம் வராது. எந்த இடத்தில் எதைப் பயன்படுத்தினோம், எதில் சமரசம் செய்தோம் என்று அறிக்கையில் எழுதிவைப்பதுதான் நியாயம்.

நான் இந்தத் திட்டங்களுக்கு எதிரி இல்லை. தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை 2016 முதலே தன் கொதிகலன் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, சோடா உப்பு தயாரிக்கப் பயன்படுத்தியதை உலகமே திரும்பிப் பார்த்தது. ஆண்டுக்கு 60,000 டன் என்ற கணக்கில் தொடங்கிய திட்டம் அது. அங்கே பிடித்ததும் பயன்படுத்தியதும் ஒரே வளாகத்தில் என்பதால் நெடுந்தூரக் குழாய் தேவைப்படவில்லை. ஊர்களைத் தாண்டி, வயல்களுக்கடியில் போகும் குழாய் வரும்போதுதான் நான் மேலே சொன்னதெல்லாம் எழும்.

பத்திரிகையிடம் நான் கேட்பது சின்ன உதவிதான். இப்படி ஒரு குழாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டால் எத்தனை கோடி, எத்தனை கிலோமீட்டர் என்பதோடு செய்தியாளர் நிறுத்திக்கொள்ள வேண்டாம். எந்தக் கலவைக்குக் கணக்குப் போட்டீர்கள், மிக மோசமான கலவை எது, மே மாதத்தில் மண் வெப்பம் என்ன என்று எடுத்துக்கொண்டீர்கள், அதை இங்கே தோண்டி அளந்தீர்களா, குழாய் கிழிந்தால் அழுத்தம் எத்தனை பாரில் நிற்கும், அதை இரும்பு தாங்கும் என்று யார் சோதித்தார்கள்? இவற்றைக் கேட்கப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மைக் கிடைக்கும் விவசாயியும் கேட்கலாம். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். ‘சர்வதேசத் தரத்தின்படி’ என்று பதில் வந்தால், அடுத்த கேள்வியாக அந்தத் தரம் எந்த மண் வெப்பத்துக்கு என்று கேளுங்கள்.

அறிக்கை எப்படியும் ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களில்தான் வரும். அதில் கலவை அட்டவணையும் உள்ளீட்டுத் தாளும் இருக்கும் பக்கங்களை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள். படித்துத் தமிழில் எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குழாய்வழிப் பொறியாளர்,
திருவான்மியூர், சென்னை.
(பெயரை வெளியிட வேண்டாம்)